தாய்வழிச் சீதனமும் சோளப்பூவும்

1970ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்துச் சோள வயல்களில் ஓர் இலைநோய் காணப்பட்டது. இலைகளிற் பழுப்பு நிறமான நீண்ட புள்ளிகள் முதலில் எழுந்தன. சில நாட்களுள் அவை ஒன்றோடொன்று கூடி இலை முழுவதையும் உலர்த்தின. இலையோடு நின்றிருந்தால் விவசாயி பொறுத்திருப்பான். நோய் தண்டையும் பற்றியது. பொத்தியை மூடியிருக்கும் மடல்களை ஊடுருவி மணிகளையும் அழுக வைத்தது. காற்றும் மழையும் துணைசெய்ய, கோடை முடிவதற்குள் அது வடக்கே விஸ்கொன்சின், மினசோட்டா ஆகிய மாநிலங்கள் வரை பரவிவிட்டது. அவ்வாண்டு அந்நாட்டின் சோள விளைச்சலில் ஏறக்குறைய 15 வீதம் அழிந்தது. இழப்பு ஏறத்தாழ 100 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது. தென் மாநிலங்களிற் சில வயல்களில் அறுவடை செய்வதற்கே ஒன்றும் எஞ்சவில்லை.

நோயை உண்டாக்கிய பங்கசு அந்நாட்டுக்குப் புதியதன்று. வெப்பமான தென் மாநிலங்களில் ஆண்டுதோறும் சிறிதளவு தோன்றி மறைவது அதன் வழக்கம். இம்முறை வந்தது அதன் புதியதொரு வகை. அவ்வகை எல்லாச் சோளத்தையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை. ஒரு வயல் முற்றாகக் கருகி நிற்க, அதனை அடுத்திருந்த பழைய வகைச் சோளம் பச்சை மாறாமல் நின்றது. கருகிய செடிகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று இருந்தது. அவையெல்லாம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் டெக்சாஸ் மாநிலத்திற் கண்டெடுக்கப்பட்ட ஓர் ஆண்மலட்டுச் சோளத்தின் வழித்தோன்றல்கள். பூவின் மலட்டுத்தன்மைக்கும் இலையின் நோய்க்கும் என்ன தொடர்பு என்பதை விளங்கிக்கொள்ளச் சோளப்பூவின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

இங்கே சோளம் எனப்படுவது இலங்கையில் அப்பெயராலும் தமிழகத்தில் மக்காச்சோளம் என்னும் பெயராலும் வழங்கும் பயிராகும். நெற்பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரே பூவில் அமைந்திருக்கும். பனையிலோ ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. சோளம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரே செடியின் உச்சியிற் குஞ்சம்போல விரிந்து நிற்பது ஆண்பூந்துணர். தண்டின் நடுவில் மடல்களுக்குள் மறைந்திருக்கும் பொத்தியே பெண்பூந்துணர். பொத்தியின் நுனியில் வெளித்தோன்றும் பட்டுநூல் ஒவ்வொன்றும் உள்ளேயுள்ள ஒரு மணிக்கு உரியது. உச்சிக் குஞ்சத்திலிருந்து காற்றில் வரும் மகரந்தம் அந்நூலிற் படிந்தால்தான் அம்மணி கருக்கொள்ளும். ஆணும் பெண்ணும் இவ்வாறு விலகி அமைந்திருப்பது மனிதனுக்கு வாய்ப்பாயிற்று. உச்சிக் குஞ்சத்தைக் கையாற் கிள்ளி எறிந்தால் ஒரு செடியை முற்றிலும் பெண்ணாக்கிவிடலாம். நெல்லில் இது எளிதன்று.

இந்த வாய்ப்பின் மீதே கலப்பினச் சோளத் தொழில் எழுந்தது. தன்மகரந்தச் சேர்க்கையாற் பல தலைமுறை வளர்க்கப்பட்ட இரு தூய வழிகளை ஒன்றோடொன்று கலந்தால், பிறக்கும் செடி பெற்றோர் இருவரையும் விஞ்சி வளரும். இதனை 1908ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் ஷல் என்னும் அமெரிக்கர் ஆராய்ந்து வெளியிட்டார். 1940களின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்துச் சோள வயல்கள் ஏறக்குறைய முழுவதும் கலப்பினச் சோளத்துக்கு மாறிவிட்டன. ஆனால் அவ்விதையை உண்டாக்குவது பெருந்தொல்லை. விதை வயலிற் சில வரிசை தாய்ச்செடியும் அடுத்துச் சில வரிசை தந்தைச்செடியுமாக நடுவார்கள். தாய் வரிசைகளில் உள்ள குஞ்சம் ஒவ்வொன்றையும் அது மகரந்தம் சிந்துவதற்கு முன்னர் கிள்ளியாக வேண்டும். குஞ்சங்கள் எல்லாம் ஒரே நாளில் வெளிவருவதில்லை. ஆதலால் கோடை விடுமுறையிலுள்ள மாணவர்களும் பெண்களும் ஒரே வயலைத் திரும்பத் திரும்ப நடந்து தேட வேண்டியிருந்தது. தப்பிய சில குஞ்சங்கள் போதும், வயலின் விதை முழுவதன் தூய்மையையும் கெடுத்துவிட. ஆயிரக்கணக்கான கைகளின் வேலையை இயற்கையே செய்து தருமாயின் அதனை விதை வணிகன் வேண்டாமென்பானா?

இயற்கை அதனைச் செய்தது. 1930களின் தொடக்கத்தில் மார்க்கஸ் ரோட்ஸ் என்னும் பிறப்புரிமையியலாளர், பெரு நாட்டிலிருந்து வந்த சோளத்தில் மகரந்தமற்ற செடிகள் சிலவற்றை ஆராய்ந்தார். அவற்றின் பொத்திகள் குறைவின்றி இருந்தன. குஞ்சம் மட்டுமே வெறுமையாயிருந்தது. அச்செடிகளுக்கு வேறு சோளத்தின் மகரந்தத்தை இட்டார். பிறந்த மக்களும் ஆண்மலடாயின. அவற்றுக்கு மீண்டும் நல்ல சோளத்தின் மகரந்தத்தை இட்டார், பேரப்பிள்ளைகளும் அவ்வாறே. இம்முறையைத் தொடர்ந்து கையாண்டு, தாயிடமிருந்து வந்த பத்துச் சோடி நிறமூர்த்தங்களையும் நல்ல சோளத்தின் நிறமூர்த்தங்களால் ஒவ்வொன்றாக மாற்றியும் பார்த்தார். மலட்டுத்தன்மை மாறவில்லை. பரம்பரை இயல்புகள் எல்லாம் கலத்தின் கருவிலுள்ள நிறமூர்த்தங்களிலேயே தங்கியுள்ளன என்று கருதப்பட்ட காலம் அது. கருவை முற்றாக மாற்றிய பின்னும் நிலைக்கும் இயல்பு கருவுக்கு வெளியே, அதனைச் சூழ்ந்த குழியவுருவிலேயே இருத்தல் வேண்டும். முடிவு எளிமையானது, ஆயினும் அதனை அடைய ரோட்ஸ் எடுத்துக்கொண்ட உழைப்பு சிறிதன்று.

குழியவுருவில் அது தங்கியிருக்கும் இடம் இழைமணி என்பது பின்னர் தெளிவாயிற்று. இழைமணி என்பது கலத்துக்குள் நூற்றுக்கணக்கில் மிதக்கும் நுண்ணிய உறுப்பு. உணவை ஒட்சிசனோடு சேர்த்து எரித்துக் கலத்துக்கு வேண்டிய சத்தியை அளிப்பது அதன் தொழில். அதற்கெனத் தனியான பரம்பரைப் பொருளும் சிறிதளவு உண்டு. விதை உண்டாகும்போது மகரந்தம் தன் கருவை மட்டுமே கொடுக்கிறது. சூல்முட்டையோ கருவோடு குழியவுருவையும் இழைமணிகளையும் கொடுக்கிறது. எனவே ஒரு செடியின் இழைமணிகள் அதன் தாயிடமிருந்தும், தாயின் தாயிடமிருந்தும் வந்தவை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிற் பழைய முறைப்படி முதுசம் தந்தை வழியே ஆண்மக்களுக்கும் சீதனம் தாய்வழியே பெண்மக்களுக்கும் செல்லும். இழைமணியைச் செடியின் சீதனம் எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு. இச்சீதனம் ஆண் பெண் என்ற பேதமின்றி எல்லோர் கையிலும் வந்து சேரும். அடுத்த தலைமுறைக்கு அதனைக் கொடுக்க வல்லவள் பெண் மட்டுமே.

இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே ஆண்மலட்டுத்தன்மையின் பொருள் விளங்குகிறது. கருவிலுள்ள பரம்பரையலகுக்கு எதிர்காலத்துக்குச் செல்ல இரு வழிகள் உண்டு: விதை ஒன்று, மகரந்தம் மற்றொன்று. இழைமணிக்கு உள்ளது விதையென்னும் ஒரு வழியே. மகரந்தத்துக்குள் அகப்பட்ட இழைமணி அத்தோடு முடிந்தது. ஆதலால் மகரந்தம் அழிவதால் இழைமணிக்கு இழப்பில்லை. மகரந்தத்துக்குச் செலவாகும் உணவு விதைக்குத் திரும்புமாயின் அதற்கு ஆதாயமே. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த தைம் என்னும் வாசனைச் செடியில் இருபாற் பூக்களுடைய செடிகளும் வெறும் பெண்பூக்களுடைய செடிகளும் கலந்து வளர்வதையும், பெண்செடிகளே மிகுதியாக விதை தருவதையும் சார்ள்ஸ் டார்வின் 1877ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். 1941இல் டான் லூயிஸ் என்னும் ஆங்கிலேயர் இதனைக் கணித முறையால் ஆராய்ந்தார். கருவிலுள்ள பரம்பரையலகொன்று ஒரு செடியை ஆண்மலடாக்கி நிலைக்க வேண்டுமானால் அச்செடி இருமடங்கு விதை தரவேண்டும். குழியவுருவிலுள்ள அலகுக்கோ சிறிதளவு கூடுதல் விதையே போதும். இரண்டும் ஒரே கலத்தில் வாழ்ந்தாலும் அவற்றின் நலன்கள் ஒன்றல்ல.

கரு வாளாவிருக்கவில்லை. தான் மகரந்த வழியை இழப்பதைத் தடுப்பதற்கென, இழைமணியின் அச்செயலை அடக்கும் பரம்பரையலகுகள் கருவில் தோன்றின. அவற்றை மீட்பு அலகுகள் என்பர். பெட்டூனியா என்னும் பூஞ்செடியில் அத்தகைய அலகொன்று 2002ஆம் ஆண்டிற் பிரித்தறியப்பட்டது. இழைமணியுட் சென்று அங்குள்ள செய்திகளைப் பற்றிப்பிடித்துத் திருத்தும் ஒரு பெரும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அராபிடொப்சிசு என்னும் ஒரு சிறு களையிலேயே அக்குடும்பத்தைச் சேர்ந்த பரம்பரையலகுகள் ஏறக்குறைய 450 உள்ளன. ஒரு வீட்டில் அவ்வளவு பூட்டுகள் இருந்தால், அங்கே எத்தனை முறை திருட்டு நடந்திருக்கும் என்று அயலார் ஊகித்துக்கொள்வர்.

மீண்டும் சோளத்துக்கு வருவோம். டெக்சாஸ் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் 'கோல்டன் ஜூன்' என்னும் சோள வகையில் 1944ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட ஆண்மலட்டுக் குழியவுரு, விதை உற்பத்தியாளர் தேடிய எல்லாப் பண்புகளையும் உடையதாயிருந்தது. வெயிலானாலும் மழையானாலும் அதன் குஞ்சம் மகரந்தம் சிந்தியதில்லை. கனெக்டிகட் மாநிலத்து டொனால்ட் ஜோன்ஸ் அதற்கு ஏற்ற மீட்பு அலகுகளைப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். தாய் வரிசை தானே மலடாயிருக்கும். தந்தை வரிசையில் மீட்பு அலகு இருக்கும். விவசாயியின் வயலில் வளரும் மகள்செடி மீண்டும் மகரந்தம் சொரியும். இதற்கு 1956இல் அவர் காப்புரிமையும் பெற்றார். இயற்கையின் ஒழுங்கொன்றைத் தனியுடைமையாக்கலாமா என்று விஞ்ஞானிகளிடையே அன்று எழுந்த பூசல் வேறு கதை.

குஞ்சம் கிள்ளும் கைகள் வேண்டாதனவாயின. 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் பயிரிடப்பட்ட சோளத்தில் ஏறத்தாழ 85 வீதம் டெக்சாஸ் குழியவுருவைத் தாங்கி நின்றது. விதைப் பைகளின் மேல் வெவ்வேறு நிறுவனங்களின் பெயர்களும் வெவ்வேறு இலக்கங்களும் இருந்தன. கருவினால் அவை வேறுபட்டவையே. தாய்வழியாற் பார்த்தால் கோடிக்கணக்கான அச்செடிகள் எல்லாம் ஒரு தாயின் பிள்ளைகள்.

எச்சரிக்கை வராமலில்லை. 1961ஆம் ஆண்டிலேயே பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வாளர் இருவர், டெக்சாஸ் குழியவுருவுடைய சோளம் இவ்விலைநோய்க்கு மற்றச் சோளத்திலும் எளிதாக இரையாவதை எழுதி வெளியிட்டனர். அது வெப்ப வலயத்துக்குரிய ஒரு தனிநிகழ்ச்சி எனக் கொள்ளப்பட்டது. குழியவுருவுக்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்புண்டு என்பதை ஏற்க அன்றைய விஞ்ஞானம் ஆயத்தமாயிருக்கவில்லை என்பது ஓரளவு உண்மை. ஆனால், இலாபந்தரும் முறையொன்று நன்றாக நடந்துகொண்டிருக்கையில் தொலைநாட்டிலிருந்து வரும் சொல்லுக்குச் செவிகொடுப்போர் எங்கும் குறைவே. ஒன்பது ஆண்டுகளின் பின் அச்சொல் புளோரிடாவிலிருந்து மினசோட்டா வரை மெய்யாயிற்று.

1971ஆம் ஆண்டு விதைப்புக்கு நோய்தாங்கும் விதை போதவில்லை. பனிக்காலத்திலும் சோளம் விளையும் இடங்களுக்கு விதையை அனுப்பிப் பெருக்கினர். மலட்டு விதையோடு நல்ல விதையைக் கலந்தும் விற்றனர். அக்கோடையில் மாணவர்கள் மீண்டும் வயலுக்கு அழைக்கப்பட்டனர். அமெரிக்க விஞ்ஞான அக்கடமி 1972இல் வெளியிட்ட அறிக்கை, சோளம் மட்டுமன்றி அந்நாட்டின் முக்கியப் பயிர்கள் பலவும் இவ்வாறே மிகக் குறுகிய பரம்பரை அடிப்படையில் நிற்கின்றன என்று சுட்டிக் காட்டியது.

இனி விஞ்ஞானிகளுக்கு எஞ்சிய வினா: மகரந்தத்தை அழிப்பது எது, பங்கசுக்குக் கதவைத் திறப்பது எது, அவை இரண்டா, ஒன்றா? புதிய வகைப் பங்கசு ஒரு நச்சுப்பொருளைச் சுரந்தது. 1971இல் அந்நஞ்சை இழைமணிகளின் மேல் இட்டுப் பார்த்தபோது, நல்ல சோளத்தின் இழைமணிகள் அசையாதிருக்க, டெக்சாஸ் சோளத்தின் இழைமணிகள் வீங்கிச் செயலிழந்தன. நஞ்சின் இலக்கு இழைமணியே என்பது உறுதியாயிற்று. அப்படியானால் நோய்க்கு இடங்கொடுக்கும் குறையை மட்டும் நீக்கி மலட்டுத்தன்மையை வைத்துக்கொள்ள முடியாதா? மினசோட்டாவில் ஆய்வாளர் சிலர் டெக்சாஸ் சோளத்தின் இழையங்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவற்றின்மேல் நஞ்சை இட்டனர். பெரும்பாலானவை மடிந்தன, பிழைத்த சிலவற்றிலிருந்து முழுச் செடிகளை வளர்த்தெடுத்தனர். 1977இல் வெளிவந்த முடிவு இதுதான்: நஞ்சைத் தாங்கிய செடிகள் மகரந்தத்தையும் மீண்டும் பெற்றுவிட்டன. ஒன்றை விட்டு மற்றதைக் கொள்ள வழியில்லை.

1986ஆம் ஆண்டில் வட கரோலினாவில் சார்ள்ஸ் லெவிங்ஸ் குழுவினர் அதற்குப் பொறுப்பான பரம்பரையலகை இழைமணியிலிருந்து பிரித்தெடுத்தனர். அது முழுமையான பழைய அலகொன்றின் திரிபன்று, ஒட்டுப்போட்ட துணி. புரதமே ஆக்காத வேறோர் அலகின் துண்டுகள் ஒன்றுசேர்ந்து, மற்றோர் அலகின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அருகே வந்தமர்ந்தமையால் தற்செயலாகப் பிறந்தது. தாவர இழைமணியில் இத்தகைய விபத்து அரிதன்று. மனிதனுடைய இழைமணியின் பரம்பரைப் பொருள் 16,569 மூலச்சோடிகளாற் செட்டாக அமைந்தது. சோளத்தின் இழைமணியிலோ அவை ஐந்து இலட்சத்துக்கும் மேல். அவை வெட்டுண்டும் மாறியும் ஓயாமல் இடம்பெயர்கின்றன. டெக்சாஸ் சோளத்தில் இவ்வாறு உண்டான அலகு 115 அமினோவமிலங்களாலான சிறியதொரு புரதத்தை ஆக்குகிறது. அப்புரதம் இழைமணியின் உள்மென்சவ்விற் சென்று பதிகிறது. பங்கசின் நஞ்சு அதனோடு சேர்ந்ததும் மென்சவ்வில் துளை விழுகிறது; சத்தி ஒழுகிப் போகிறது. 1988இல் இவ்வலகை ஒரு பற்றீரியாவுக்குள் புகுத்திப் பார்த்தனர். சோளத்தோடு எவ்வித உறவுமில்லாத அப்பற்றீரியாவும் நஞ்சினால் தாக்கப்பட்டது. இதற்குமேற் சான்று வேண்டியதில்லை.

நஞ்சில்லாத வேளையில் இப்புரதம் இலையிலும் வேரிலும் இருந்தும் தீங்கு செய்வதில்லை. மகரந்தக்கூட்டில் மட்டும் ஏன் அழிவு உண்டாகிறது? இளம் மகரந்தமணிகளைச் சூழ்ந்து அவற்றுக்கு உணவூட்டும் ஒரு படைக்கலங்கள் மகரந்தக்கூட்டில் உள்ளன. செவிலித்தாயர் போன்ற இக்கலங்களில் மகரந்தம் உருவாகும் காலத்தில் இழைமணிகளின் தொகை 40 மடங்கு பெருகுவதாக 1970களின் பிற்பகுதியில் கணக்கிடப்பட்டது. செடியில் வேறெங்கும் இத்துணை நெருக்கடி நேர்வதில்லை. மற்ற இடங்களிற் சமாளித்துக்கொள்ளும் குறையுடைய இழைமணி, இங்கே பாரந்தாங்காது நொடிந்துபோகிறது என்பது ஒரு விளக்கம். செவிலி மடிந்தால் குழந்தையும் மடிகிறது. டெக்சாஸ் சோளத்துக்கு வேண்டிய இரு மீட்பு அலகுகளில் ஒன்று இவ்வேண்டாத புரதத்தின் அளவைக் குறைக்கிறது. மற்றது, 1996இல் அறியப்பட்டபடி, அல்டிகைட்டு என்னும் பொருளை மாற்றும் ஒரு நொதியத்தை ஆக்குகிறது. அது புரதத்தைத் தொடுவதே இல்லை; விளைவைச் சரிசெய்வது மட்டுமே அதன் பணி போலும்.

சோளத்தில் இழைமணி மகரந்தத்தை மட்டுமே கெடுத்தது. பூவின் வடிவத்தையே மாற்றும் வல்லமையும் அதற்கு உண்டு. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் காட்டுக்கரட்டில் 1953ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட ஆண்மலட்டு வகையில் கேசரங்களே இல்லை. அவை இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு வட்ட அல்லிகள் நின்றன. இன்று கலப்பினக் கரட் விதைக்கு இவ்வகை பெரிதும் பயன்படுகிறது. சில புகையிலை வகைகளில் அயல் இனத்துக் குழியவுருவைச் சேர்த்தபோது கேசரங்கள் அல்லியாகவும், சில வேளைகளிற் பெண்ணுறுப்பின் குறி போலவும் மாறின. பூவின் எந்த வட்டம் புல்லி, எது அல்லி, எது கேசரம் என்று விதிக்கும் பரம்பரையலகுகள் கருவில் உள்ளவை. கரட்டில் இழைமணி மாறியதும் அவ்வலகுகளிற் சில மந்தமாகிவிடுகின்றன. ஆணையிடுவது கரு, பணிவது இழைமணி என்று பாடநூல்கள் பன்னாள் கூறிவந்த ஒழுங்கில், பணியாளனும் எசமானுக்குச் சொல்லி அனுப்புவதுண்டு என்பதை இப்பூக்கள் காட்டுகின்றன.

அமெரிக்கச் சோளம் கருகிய அதே 1970ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், சீனாவின் ஹைனான் தீவில், யுவான் லோங்பிங்கின் துணையாளர்கள் நீர்நிலையொன்றின் அருகே வளர்ந்த காட்டுநெல்லில் மகரந்தமற்ற செடியொன்றைக் கண்டனர். நெற்பூவிற் கேசரத்தைக் கையாற் கிள்ளிக் கலப்பினம் செய்வது வயலளவில் இயலாத காரியம். ஆதலால் நெல்லுக்கு இது சோளத்துக்கு உதவியதிலும் பெரிய உதவியாயிற்று. 1976ஆம் ஆண்டுமுதல் சீன விவசாயிகள் கலப்பின நெல்லை விதைத்தனர்; பின்னர் அந்நாட்டு நெல்வயல்களில் ஏறத்தாழப் பாதியில் அது பரவியது. அக்காட்டுநெல்லின் இழைமணியிலும் ஒட்டுப்போட்ட ஓர் அலகே மலட்டுத்தன்மையைச் செய்கிறது என்றும், மகரந்தக்கூட்டின் செவிலிக் கலங்களைக் காலத்துக்கு முன்பே மடியச் செய்வதே அதன் வழி என்றும் 2013இல் விளக்கப்பட்டது. டெக்சாஸ் சோளத்துக்கு நேர்ந்தது போன்ற அழிவு அதற்கு நேரவில்லை. எனினும் ஒரே காட்டுச்செடியின் சீதனத்தை நம்பியிருக்க விரும்பாத நெல்லாய்வாளர், வேறு காட்டுநெல்லினங்களிலிருந்தும் பழைய நாட்டுநெற்களிலிருந்தும் வெவ்வேறு ஆண்மலட்டுக் குழியவுருக்களைத் தேடிச் சேர்த்துள்ளனர்.

அமெரிக்க விதை வயல்களில் டெக்சாஸ் குழியவுரு 1970க்குப் பின் கைவிடப்பட்டது. அந்நஞ்சுக்கு இடங்கொடாத வேறு இரு ஆண்மலட்டு வகைகள் இன்று சோள விதை உற்பத்தியில் ஓரளவு பயன்படுகின்றன. எஞ்சிய விதை வயல்களில் ஜூலை மாதம் பிறந்ததும் குஞ்சம் வெட்டும் பொறிகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. பொறி தவறவிட்ட குஞ்சங்களைக் கிள்ளுவதற்கு விடுமுறையிலுள்ள மாணவர்கள் அதிகாலைப் பனியில் நனைந்தபடி அவற்றின் பின்னே நடக்கிறார்கள்.